ரெண்டு ரெண்டா கீற காலண்டரு

வண்டிய ஓரம் கட்டு ரகுபதிண்ணா. ஆபீஸுக்குல்லாம் இப்ப நான் வர்றதா இல்ல. மூலக்கொத்தளம் சுடுகாட்டு கேட்டாண்ட வந்து நின்னுகினு இன்னா ஃபோல்டர் பேச்சு உனுக்கு? மாலைய பாரு, ஹேண்டில்பார்ல மாட்டிகினு வந்து பாதி பூவு கொட்டிப் போச்சி. கம்பெனி குடுத்தனுப்பிச்சதா? சீட்டுல கோதண்டராமன்னு எழுதிகீறாங்க. ராமன்லாம் கெடையாது, வெறும் கோதண்டம்தான்.

பொம்பளப் புள்ள இங்க இன்னா பண்றேன்னா? அத்த அப்பால சொல்றேன். பாடி இன்னும் வர்ல. ஆஸ்பத்திரி வண்டி கண்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல மாட்டிகிச்சாம். நீ டீ குடி.

மேனேஜர் கத்துறாரா? கத்தட்டும். பழைய மெயில புதுசுக்கு மாத்த ஒருத்தன வெச்சாரே, அவன் ரெண்டு வாட்டி ஓட்டி வுட்டுட்டான். இன்பாக்ஸ் ரெண்டு, காலண்டர் ரெண்டு, எல்லாம் கலீஜ். பி.சி.ஏ. படிக்கிற பொண்ணு, அரை நாள் வேலைக்கு வருது, சல்லிசா மாட்டுச்சின்னு, ஒண்ணாக்குன்னு என் தலையில கட்டிட்டாரு.

மெயிலு ரெண்டா கீறதுல பேஜாரு இல்ல. ஒண்ணத் தூக்கிக் கடாசிட்டு போய்னே இருக்கலாம். காலண்டர் அப்டி இல்லண்ணா. ரெண்டாவது வாட்டி ஓட்டச்சொல்ல அந்த மிஷின்ல வெள்ளைக்காரன் நேரம் ஓடிகினு இருந்துகீது. நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் பின்னால. ஒரே வேலை, ரெண்டு நேரம் காட்டுது. மாத்தூர் யார்டு, நாலாம் நம்பர் டேங்கு, கேஸ் வெளியேத்தி முட்ச்சாச்சி, கழுவ ஆளை எறக்கலாம். பழசுல மத்தியானம் ரெண்டு. புதுசுல காலைல எட்டரை.

சொல்லாம இருப்பேனா நான்? மூஞ்சிக்கு நேரா சொன்னேன். சார், ரெண்டும் ஒண்ணு இல்ல, யார்டுக்கு ஒரு போன் போட்டு கேட்டுட்டு அழிப்போம்னேன். எனக்கே கிளாஸ் எடுக்குறியா, புதுசுதான் கரெக்டுன்னாரு. எழுந்திரும்மான்னுட்டு என் சேர்ல குந்திகினு, பழசு முழுக்க ஒரே தட்டு. போச்சி. மறுநாள் யார்டுக்கு போன பிரிண்ட்டுல எட்டரைன்னு இருந்துச்சி. எட்டரைக்கு கோதண்டத்த எறக்கிட்டாங்க. உள்ள கேஸ் அப்டியே கீது.

இப்ப அவருக்கு இன்னா அவசரம்? நாளிக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாரு. அதுக்குள்ள மிச்சத்தையும், அழிச்சதுங்க போய் சேர்ற அந்த ஃபோல்டர, நான் தொட்ச்சிக் குடுக்கணும். குடுக்கலன்னாவா? குடுத்தாலும் பழி என் தலையிலதாண்ணா. அவரு அழிச்சது என் லாகின்ல. யாரு வேலை இதுன்னு பாத்தா மகிழினின்னுதான் வரும். அவரு கை எங்கியும் தெரியாது.

கேஸ் போடவா? நல்லா சொன்னே போ. காண்ட்ராக்ட் ஆளுக்கு கேட்டுல பேரு கூட எழுத மாட்டாங்க. அன்னிக்கு உள்ள வந்தாருன்றதுக்கே அத்தாட்சி இல்லன்னு இப்பவே பேச ஆரம்பிச்சிட்டாங்க. அன்னிக்கு நீயும் யார்டுலதானே இருந்த, நீ சொல்வியா, பாத்தேன்னு? பாத்தியா, தலைய குனிஞ்சிகினே. வுடு. உனுக்கும் புள்ள குட்டி கீது.

காண்ட்ராக்ட் ஆளு வூட்டு புள்ளைங்கள ஆபீஸ்ல குந்த வெக்க மாட்டாங்க நம்ம கம்பெனில, தெரியுமில்ல? யூனியன் பேச்சு உள்ள வந்துருமாம். அதான் சேரச்சொல்ல மாமன் அட்ரஸ குடுத்தேன். யார்டுக்கு போனாக்கூட ரெண்டு பேரும் தெரியாத மாரி நடந்துருவோம். அந்தாளு மட்டும் ஓரக்கண்ணால என் ஐ.டி. கார்ட பாத்து சிரிக்கும்.

தோ, மோளம் கேக்குது. அந்த மாலைய இப்டி குடு. வூட்டாளுங்க கையில குடுக்கணும்னுதானே சொல்லி அனுப்பிச்சாரு? குடுத்துட்டேன்னு போய் சொல்லு. கோதண்டம் பொண்ணு வாங்கிகிச்சின்னு சொல்லு.