பெட்டரித் தண்ணியில் போட்ட கொலுசு

— முலாம் பூசுறது இருக்கட்டும்மா. இந்தக் கொலுச யாரு செம்புன்னு சொன்னது?

— யாரு சொல்லணும் பத்தரய்யா? கண்ணு இருக்குல்ல. செம்புக் கொடமாட்டம் செவந்து கெடக்கு பாருங்க. மேல வெள்ளிய மொழுகி எங்கப்பாவ ஏமாத்திப்புட்டானுக. நீங்களும் மேல மொழுகிக் குடுங்க, போதும். ஞாயித்துக்கெழம மக சுலக்ஷனாவுக்குச் சடங்கு. தாத்தா கொலுசத்தான் போடுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. வந்த சனம் செவப்பப் பாத்துச் சிரிக்கக் கூடாது.

— வடிவு, கொஞ்சம் மெதுவா பேசு புள்ள. அட்டன் டவுன் பூரா கேக்குது. சும்மா சொல்லக்கூடாது பத்தரே, இவ மலையில நின்னு கூப்புட்டா கீழ தேயில பெக்டரியில திரும்பிப் பாப்பாங்க.

— ஆமா ஆமா, இவரு பேச வந்துட்டாரு. அந்த ஸ்டூல்ல குந்துங்க பேசாம.

— பொறுங்க, பொறுங்க. அய்யா பேரு என்னா?

— வீரய்யாங்க. தோட்டத்து லொறியில கிளீனரா இருந்து, இப்ப டைவரு.

— வீரய்யா, இந்த வெளக்க இப்புடித் திருப்பிப் புடிங்க. கொக்கி ஓரத்துல அரத்தால ஒரே ஒரு இழுப்பு இழுக்கிறேன். ம்... இப்பப் பாருங்க. என்னா தெரியுது?

— வெள்ளையா இருக்கு.

— எங்க, தள்ளுங்க நான் பாக்குறேன். ஆமா ஆமா, வெள்ளைதான். அதெப்புடிங்க உள்ள வெள்ளை?

— அதத்தான் கேக்குறேன். வெளிய செவப்பு, உள்ள வெள்ளை. ஏமாத்துறவன் தலகீழா மொழுகுவானாம்மா? பொறுங்க, அழுத்திப் புடிக்காதீங்க. இது நல்ல வெள்ளி. எப்புடிச் செவந்துச்சு, அதச் சொல்லுங்க.

— தொண்ணூத்தி ரெண்டுல, சுலக்ஷனா வயித்துல இருக்கையில எனக்கு வளகாப்பு வச்சாங்க. கொலுசு கறுத்துக் கெடந்துச்சு. நான் வெளக்கித் தாறேன்னு இந்த மனுசன் தூக்கிட்டுப் போனாரு. திரும்பக் கொண்டாந்தப்ப இப்புடித்தான் இருந்துச்சு.

— வெளக்குனதுல மேல இருந்த வெள்ளி கழண்டு, உள்ள இருந்த செம்பு தெரியுதுன்னு லயத்து வீடுகள்ல எல்லாரும் சொன்னாங்க பத்தரே. நானும் அப்புடித்தான் நெனச்சேன்.

— எதுல போட்டு வெளக்குனீங்க?

— லொறி பெட்டரித் தண்ணியில, அதாங்க அந்தத் திராவகம். பச்சத் தண்ணி கலந்துதாங்க. மொதல்ல மாரியம்மன் கோயில் செம்புக் கொடத்த அதுல ஊறப் போட்டு எடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, புது மாப்புளயாட்டம் பளபளன்னு வந்துச்சு. சரி, அதே தண்ணியில கொலுசும் ஆகட்டுமேன்னு...

— தண்ணி அப்ப என்னா நெறத்துல இருந்துச்சு?

— லேசா நீலமா. அழகா இருந்துச்சுங்க.

— கொலுசக் கையாலயா போட்டீங்க?

— கையி வெந்துரும்ல. கொழுந்து சாக்கக் கட்டுற இரும்புக் கம்பியில கோத்துத் தொங்கவிட்டேன். சாயங்காலம் போட்டு மறுநாத்தான் எடுத்தேன்.

— அங்கதான் வெனை புடிச்சிருக்கு. கொடத்துச் செம்பு கொஞ்சம் தண்ணியில கரைஞ்சு நின்னிருக்கு, அதான் அந்த நீலம். அதுக்குள்ள இரும்பு எறங்குனா, கரைஞ்ச செம்பு வெளிய வந்து பக்கத்துல இருக்கிற வெள்ளி மேல ஒட்டிக்கும். அதுக்குத்தான் நாங்க திராவகச் சட்டிக்குள்ள இரும்புக் குறடே விடமாட்டோம். பாருங்க, மூங்கில் இடுக்கிதான்.

— அப்ப இது... இந்த மனுசன் பண்ணுன வேலையா?

— வடிவு, ஒனக்கு ஆசையா செஞ்சு குடுக்கத்தான் புள்ள...

— நீங்க வாயத் தெறக்காதீங்க. வீட்டுக்குப் போயி வச்சுக்கிறேன். பத்தரய்யா, இந்தச் செவப்பு போவுமா?

— போவும். புதுசா திராவகம் கலக்குறேன். அதோட பாமசியில புண்ணுக்கு ஊத்துவாங்களே, நொரைக்கிற மருந்து, அதுல கொஞ்சம். மேல ஒட்டுன செம்ப மட்டும் தின்னுட்டு வெள்ளிய விட்டுரும். வீரய்யா, சன்னலத் தெறந்து விடுங்க. சட்டிக்கு மேல மூஞ்சியக் கொண்டாராதீங்க. ஆமா, இது எந்தக் கடையில செஞ்சது?

— பொகவந்தலாவ பசாருலதாங்க. பஸ் நிக்கிற எடத்துக்கு எதுத்தாப்புல ஒரு அண்ணன் தம்பி பத்தர் கட வச்சிருந்தாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பா செய்யச் சொல்லி வாங்கியாந்தாரு. தேயிலச் செடி கவ்வாத்து வெட்டுன மனுசன், கையெல்லாம் கீறலு. அன்னிக்கு ஒரே மழை. தொப்பயா நனைஞ்சு வந்து, சட்டைக்குள்ள இருந்து பொட்டலத்த எடுத்தாரு. பேப்பர் பூரா நனைஞ்சு கிழிஞ்சு போச்சு, கொலுசு மட்டும் அவரு ஒடம்புச் சூட்டுல வெதுவெதுன்னு இருந்துச்சு. போட்டுக்கிட்டு லயத்துக் காம்பராவுக்குள்ள இங்கிட்டும் அங்கிட்டும் நடந்து காட்டுனேன். அப்பா அடுப்புகிட்ட குந்திக் கண்ண மூடிக்கிட்டாரு. பாக்கலியாப்பான்னு கேட்டா, கேட்டுக்கிட்டு இருக்கேன் தாயின்னாரு.

— நான் பொண்ணு பாக்க வந்தப்பவும் அந்தச் சத்தந்தான் பத்தரே மொதல்ல வந்துச்சு. ஆளு பின்னாடிதான் தேத்தண்ணியோட வந்தா. சும்மா சொல்லக்கூடாது, நான் சத்தத்துக்கே சரின்னுட்டேன்.

— அப்ப கொலுசயே கட்டியிருக்கலாமே. என்னைய எதுக்குக் கட்டுனீங்க?

— அண்ணன் தம்பி கடைன்னா சொன்னீங்க?

— ஆமாங்க. கொலுசு செவந்ததும் வயித்தத் தூக்கிக்கிட்டுப் பஸ் ஏறிப் போனேன். தீவாளி நேரம், பசாரு நெறையக் கூட்டம். அண்ணங்காரன் இல்ல, தம்பிக்காரன் மட்டுந்தான் இருந்தான். வாசல்ல நின்னு வாயில வந்ததெல்லாம் சொன்னேன். திருடன்னேன். எங்கப்பா நம்பி வந்த கடைன்னேன்.

— அதுக்கு அவரு என்னா சொன்னாரு?

— குடு தங்கச்சி, பாத்துச் சொல்றேன்னு கைய நீட்டுனான். குடுத்தா மாத்திப்புடுவான்னு நான் குடுக்கல. முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வந்துட்டேன்.

— குடுத்திருக்கலாம்மா.

— என்னாங்க?

— ஒண்ணுமில்ல. பொறுங்க, சட்டி சூடாவுது.

— கொலுச இன்னும் இடுக்கியிலயே வச்சிருக்கீங்களே பத்தரே?

— இந்தா, சட்டியில எறக்கிட்டேன் வீரய்யா. நீங்க சொல்லுங்கம்மா. அப்பா இருக்காரா?

— இல்லிங்க. சாகுறப்பவும் அதே பேச்சுதான். வெள்ளின்னு நெனச்சு செம்ப நெஞ்சுல அணைச்சுக்கிட்டு வந்தேனே தாயி, ஊருக்கே இளிச்சவாயனாயிட்டேனேன்னு. எனக்கு அதுதாங்க ஆறவே இல்ல. நல்ல மனுசன் தலகுனிஞ்சு போயிட்டாரு.

— வடிவு! இங்க பாரு புள்ள! செவப்பு எறங்குது!

— மூஞ்சிய எடுங்க வீரய்யா. பொறுங்க, கழுவித் தாறேன்... ம், இன்னும் ஒரு தண்ணி. இந்தாங்கம்மா. இப்பத் தொடலாம்.

— வெள்ளி... வெள்ளியேதான். அப்பா! நீங்க ஏமாறலப்பா. நல்ல சாமானத்தாம்ப்பா கொண்டாந்தீங்க.

— அழுவாத வடிவு. ஆட்டிப் பாரு. சத்தம் வருதா?

— வருது. அதே சத்தம். அன்னிக்கு அப்பா கேட்ட அதே சத்தம்.

— வரும்மா. சலங்கைக்குள்ள மணி போட்டு அடைச்சவன் கை அப்புடி. என்னால அந்தச் சத்தத்தக் கொண்டாரவே முடியாது.

— பத்தரய்யா, அந்தத் தம்பிக்காரரு இப்ப எங்கிட்டு இருக்காருன்னு தெரியுமா? கடைய மூடிட்டாங்கன்னு கேள்வி. ஒரு பாவமும் அறியாத மனுசன நடுப் பசாருல திருடன்னு சொல்லிட்டேனே. நான் அவரு கால்ல விழணும்.

— கினிகத்தேனையில இருக்கான். பேரு நல்லமுத்து. ரோட்டோரத்துல குந்தி கிழிஞ்ச கொடை, செருப்பு, சப்பாத்து தச்சுக் குடுக்கிறான்.

— பத்தர் வேலைய விட்டுட்டாரா?

— அதுக்கப்புறம் வெள்ளியத் தொடல. வீரய்யா, அந்தக் கதவுப் பலகைய எடுத்துக் குடுங்க, கடைய அடைக்கிறேன். கினிகத்தேனைக்கு இப்ப பஸ் இருக்கும். கொலுச முந்தானையில முடியாதீங்கம்மா, கையிலயே வச்சுக்கங்க. அத அவன் கையில குடுக்கணும்.

— நீங்களும் வாரீங்களா? எதுக்குங்க ஒங்களுக்குச் செரமம்? திட்டுனது நான்தானே, நானே போயி மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.

— நீங்க வாசல்ல நின்னு திட்டிட்டுப் போயிட்டீங்கம்மா. கண்டியில வெள்ளி வாங்கிட்டு அன்னிக்குத்தான் திரும்பி வந்து, முன்னப் பின்ன தெரியாத நீங்க சொன்னதப் பசாரு சனம் சொல்லக் கேட்டு நம்பி, கூடப் பொறந்தவன் சொன்னத நம்பாம, எந் தம்பிய வீட்ட விட்டுத் தொரத்துனது நான்.