வாசலில் இழுத்த காற்று

தேநீருக்குச் சீனி கொஞ்சம் கூடிப்போயிற்று, சேர். பரவாயில்லை, குடித்துக்கொண்டே சொல்கிறேன். போன கிழமை இந்தப் பொலிஸ் நிலையத்தில் நான் தந்த வாக்குமூலத்தில் இரண்டு மூன்று இடங்களைத் திருத்த வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். யாரும் என்னைக் கூட்டிவரவில்லை, கல்முனையில் பஸ் ஏறி நானேதான் வந்தேன்.

நாவிதன்வெளிப் பக்கம் இருக்கும் ஷரிபுதீன் ஹாஜியாரின் நெல் களஞ்சியத்துக்குப் பதினெட்டு வருடமாக நான்தான் பொறுப்பு. நெல்லில் அந்து விழுந்தால் அடுக்கிய மூட்டை அட்டியைத் தார்ப்பாய்ப் படங்கால் இறுக்கி மூடி, உள்ளே மருந்துக் குளிசை வைப்போம். குளிசையிலிருந்து வரும் நச்சு வாயு பூச்சியைக் கொல்லும். ஆறு நாள் கழித்துப் படங்கைத் தளர்த்தி, கதவுகளைத் திறந்து காற்றாட விட வேண்டும். வாயு முழுக்கப் போய்விட்டதா என்பது கண்ணுக்குத் தெரியாது. அதற்குத்தான் அந்தக் கண்ணாடிக் குழாய். நாங்கள் 'டியூப்' என்போம். பென்சில் மாதிரி இருக்கும். இரண்டு முனையையும் உடைத்து, கைப்பம்பில் செருகி, களஞ்சியத்துக் காற்றை உள்ளே இழுத்தால், வாயு இருக்கிற அளவுக்கு அதிலுள்ள மஞ்சள் பொடி சிவந்துகொண்டு போகும். எந்தக் கோட்டில் சிவப்பு நிற்கிறதோ அதுதான் கணக்கு. மஞ்சள் மாறவில்லை என்றால் ஆட்கள் உள்ளே போகலாம்.

கொழும்பில் இரண்டு நாள் இருந்து இந்த வேலையைப் படித்து வந்தவன் நான் ஒருவன்தான். மூட்டை தூக்கும் நாட்டாமைமார் ஏழு பேர். நான் குழாயைத் தூக்கிக் காட்டாமல் ஒருவரும் வாசற்படியைத் தாண்ட மாட்டார்கள். நான் காட்டுவேன், அவர்கள் "மஞ்சள்" என்பார்கள், பிஸ்மில்லாச் சொல்லிக்கொண்டு உள்ளே போவார்கள். எங்கள் களஞ்சியத்து வழக்கம் அது. அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிறவர்கள், பகிடியாக என்னை 'டியூப் டொக்டர்' என்பார்கள். கோபப்படுகிறவன்போல நடிப்பேன். உண்மையில் எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த ஏழு பேரில் ஒருவன் தனுசன், சொறிக்கல்முனைக்காரன். முப்பத்துநாலு வயது, இரண்டு பெண் பிள்ளைகள். எதையும் கூர்ந்து பார்க்கிறவன். போன வருடம் ஒருநாள் நான் மூக்குக்கண்ணாடி போடாமல் குழாயைத் திருப்பிச் செருகிவிட்டேன். அதில் ஒரு அம்புக்குறி இருக்கும், அது பம்பைப் பார்த்து நிற்க வேண்டும்.

"நானா, அம்பு வெளிய பாக்குது. நீங்கதானே பம்ப் பக்கம் நிக்கோணும் எண்டு சொல்லித் தந்தீங்க?" என்றான் அவன்.

மரியாதையாகத்தான் சொன்னான். சிரித்தது இன்னொரு நாட்டாமை றாஸிக். "டொக்டருக்கு டொக்டர் வந்திரிக்கான்டா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு நான் குழாயைத் தூக்கிப் பிடிக்கும்போது அவர்கள் குழாயைப் பார்ப்பதில்லை, தனுசனின் முகத்தைப் பார்ப்பார்கள். அவன் தலையாட்டினால்தான் கால் எடுத்து வைப்பார்கள். 'டியூப் டொக்டர்' என்ற பெயரும் மெல்ல அவனுக்குப் போய்விட்டது. ஒரு பகிடிப் பெயர் போனதற்காக ஒரு மனிதன் ஒரு வருடமாக மனதுக்குள் புழுங்குவானா என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டிருக்கிறேன்.

இனித் திருத்தங்கள். குழாய்கள் வெயிலில் கிடந்து பழுதாகிவிட்டன என்று சொல்லியிருந்தேன். பழுதாகவில்லை. நான் அவற்றை என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தேன், என் மனைவி ஹப்ஸாவைக் கேட்டுப் பாருங்கள். ஹாஜியார் அவசரப்படுத்தினார் என்றும் சொல்லியிருந்தேன். அதுவும் பொய், அவர் அப்போது உம்றாவுக்கு மக்கா போயிருந்தார். ஒருவரும் என்னை அவசரப்படுத்தவில்லை.

மருந்து வைத்து ஆறு நாள் கழிந்து, செவ்வாய்க்கிழமை கதவுகளைத் திறந்தோம். பத்து மணிக்கே மழை பிடித்ததால் நெல் நனையாமல் மறுபடி சாத்திவிட்டோம். ஆகவே களஞ்சியம் சரியாகக் காற்றாடவில்லை. புதன்கிழமை காலை ஆட்கள் வருமுன் நான் முகக்கவசத்தோடு போய்ப் பின் அட்டிப் பக்கம் ஒரு குழாய் இழுத்தேன். கடைசிக் கோட்டையும் தாண்டிச் சிவந்தது. நான் செய்ய வேண்டியது, கதவுகளை மறுபடி திறந்து வைத்து ஆட்களைத் திருப்பி அனுப்புவது. அவ்வளவுதான், சேர்.

சிவந்த குழாயைச் சட்டைப் பைக்குள் போட்டேன். வெளி வாசலுக்கு வந்து, புதுக் குழாய் ஒன்றை உடைத்து, அங்கே இழுத்தேன். வாசலில் வயல் காற்றுத்தானே. மஞ்சள் கொஞ்சமும் மாறவில்லை.

எட்டு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். அன்றைக்கு நான் குழாயைத் தூக்கிக் காட்டவில்லை. தனுசனின் கையில் கொடுத்தேன். "நீயே பாத்துச் செல்லு தம்பி, என்ன நிறமெண்டு" என்றேன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டு முனையும் உடைந்திருக்கிறதா, அம்புக்குறி எந்தப் பக்கம் என்றெல்லாம் பார்த்தான். எந்தக் காற்றை இழுத்தது என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. "மஞ்சள்" என்று அவன் வாயால் சொன்னான். மற்றவர்களை முற்றத்து வேலைக்கு விட்டேன். பின் அட்டியில் படங்கை மடிக்க ஒருவன் போதும் என்று அவனை மட்டும் உள்ளே அனுப்பினேன்.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தலை சுற்றி, குமட்டிச் சத்தி எடுத்துக்கொண்டு வருவான், "மஞ்சள் எண்டு நீதானே பாத்துச் சென்ன" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்கலாம், அதோடு அந்தப் பெயர் எனக்குத் திரும்பும். இவ்வளவுதான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவன் கதவடிக்கு வந்து எட்டிப் பார்த்தான்.

"நானா, உள்ளி மணம் ஒண்டு வருகுது."

அந்த வாயுவுக்கு வெள்ளைப்பூண்டு மணம்தான் என்று எனக்குத் தெரியும்.

"டியூப் என்ன காட்டிச்சி?"

"மஞ்சள்."

"மறுகா என்ன பயம் தம்பி?"

அவன் சிரித்துவிட்டு உள்ளே போனான். அப்போது கூப்பிட்டிருக்கலாம். வாயைத் திறந்தேன், முற்றத்தில் றாஸிக் நின்றான், மூடிக்கொண்டேன். இந்த இடம்தான் என்னைத் தூங்க விடுவதில்லை. தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்தால் அந்தச் சிரிப்புத்தான் வருகிறது. நான் பாவி, சேர். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

முக்கால் மணித்தியாலம் கழித்து அவன் வெளியே வந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தான். மூச்சு வாங்க முடியவில்லை. நானும் றாஸிக்கும் அவனை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "நீதானே பாத்துச் சென்ன" என்று நான் கேட்கவில்லை.

அங்கே இளம் டொக்டர் ஒருவர் என்னிடம் விவரம் கேட்டார். "என்ன வேலை செய்தவர்? ஏதாவது நச்சுக் காற்றைச் சுவாசிச்சவரா? சரியாச் சொன்னா இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்."

நான் பதில் சொல்லுமுன், கட்டிலில் கிடந்த தனுசன் கையைத் தூக்கினான்.

"இல்ல ஐயா, அது மஞ்சள். நானே பாத்தன். நானாவில ஒரு பிழையும் இல்ல."

எனக்குப் பழி வந்துவிடும் என்று பயந்திருக்கிறான். டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிவந்த குழாய் என் சட்டைப் பையில் இருந்தது. "ஓம்" என்று தலையாட்டினேன். சாப்பாடு ஏதோ ஒத்துக்கொள்ளவில்லைப்போல என்று சேலைன் ஏற்றினார்கள். பின்னேரம் மூன்று மணிக்கு அவன் இறந்துபோனான்.

ஆறு மணித்தியாலம் பக்கத்தில் இருந்தும் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்றுதானே கேட்கிறீர்கள்? அவனே மஞ்சள் என்று சொல்லிவிட்டான், சேர். சாகக் கிடக்கிறவனை எல்லாருக்கும் முன்னால் பொய்யனாக்க எனக்கு மனம் வரவில்லை.