பொதுச் சிவப்பு

"ஒரே பிரஷ்ஷ எத்தன பேருக்குத்தான் சுத்தி விடுவ?" என்று மேஸ்திரி ஒருநாள் என்னிடம் கேட்டார்.

நல்ல கேள்விதான். அவர் கட்டடம் கட்டுகிற மேஸ்திரி இல்லை. என் அத்தான் நடத்துகிற சின்னக் கணினி அலுவலகத்தில் மூத்தவர். யார் வேலை செய்தாலும் சுவரைத் தட்டிப் பார்ப்பதுபோல் தட்டிப் பார்ப்பார், அதனால் அந்தப் பெயர். எனக்கு அவர் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். வகுப்பில் எழுந்து நின்று பேச வராமல் பள்ளியைப் பாதியில் விட்டவள் நான். "சும்மா கெடக்கிறதுக்கு அங்க போய் உக்காரட்டுமே" என்று அக்காதான் அத்தானோடு அனுப்பி வைத்தாள். நிரல் எழுத வாய் தேவையில்லை. எனக்குப் பிடித்துப் போனது.

ஒரு மருத்துவமனை வார்டுக்குத் திரை செய்துகொண்டிருந்தோம். நர்சின் மேசையில் இருக்கும். கட்டிலுக்கு ஒரு கட்டம். மூச்சு சீராக இருந்தால் பச்சை, தடுமாறினால் சிவப்பு. கட்டங்களை நாங்களே நிரலில் வரைந்தோம். திரையில் நிறம் பூச நிரலுக்குள் உருவாக்கும் கருவிக்குத்தான் பிரஷ் என்று பெயர். மேஸ்திரியின் முறையில், கட்டத்தைப் பூசும் ஒவ்வொரு தடவையும் ஒரு புது பிரஷ் பிறக்கும். பூசி முடித்தபின் அதை யாரும் விடுவிப்பதில்லை. கணினிக்குள் பிரஷ்கள் குவிந்து, சாயங்காலத்துக்குள் திரை உறைந்துவிடும். நான் ஒரு நிறத்துக்கு ஒரு பிரஷ் என்று தொடக்கத்திலேயே செய்து வைத்தேன். எல்லாக் கட்டங்களும் அதையே வாங்கிப் பூசலாம். ஒரே நிபந்தனை, வாங்கிய நிறத்திலேயே திருப்பி வைக்க வேண்டும்.

அதன் பிறகு திரை உறையவே இல்லை. "பூனை மாதிரி இருந்துகிட்டு என்ன வேல பாத்திருக்கா பாருங்க மேஸ்திரி, எங்க கொழுந்தியா" என்று அத்தான் எல்லார் முன்னாலும் சிரித்தார். அப்போதுதான் மேஸ்திரி அந்தக் கேள்வியைக் கேட்டார். கூடவே, "பொதுச் சொத்துன்னா எவனாவது ஒருத்தன் பாழாக்குவான், பாத்துக்க" என்றும் சொன்னார்.

பாழாக்கியவர் அவரேதான். கட்டில் காலியானால் கட்டம் வெளிற வேண்டும் என்று மருத்துவமனையில் கேட்டார்கள். மேஸ்திரி அவசரத்தில் தனியாகச் சாம்பல் பிரஷ் செய்யாமல், பொதுச் சிவப்பை எடுத்து, அதன் நிறத்தைச் சாம்பலாக மாற்றிப் பூசினார். மறுபடி சிவப்பாக்க மறந்துவிட்டார். இனி ஒரு கட்டில் காலியானால் போதும். வேறு எந்தக் கட்டிலில் மூச்சுத் தடுமாறினாலும் அந்தக் கட்டம் சாம்பலாகத்தான் தெரியும், ஆளில்லாத கட்டிலைப் போல. மறுநாள் காலையில் கணினியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

சோதித்துப் பார்த்தபோதே கண்டுகொண்டேன். திருத்த ஒரு வரி போதும். எழுதவும் செய்தேன். சிவப்பு அழகாகத் திரும்பி வந்தது. பிறகு அந்த வரியை அழித்தேன்.

கோபமெல்லாம் இல்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பதை அத்தான் ஒரு தடவை கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். ஆனால் அத்தானுக்குத் திரையைக் காட்டிய அன்று மேஸ்திரி எந்தக் கட்டிலையும் காலி செய்து காட்டவில்லை. திரை வார்டுக்குப் போய்விட்டது. போன பிறகு நான் என்ன செய்ய முடியும்? தினமும் சொல்லத்தான் நினைத்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எப்படியும் எச்சரிக்கை மணி அடிக்குமே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மற்ற நோயாளிகள் தூங்க முடியவில்லை என்று நர்சுகள் மணியை நிறுத்தி வைப்பதும் எனக்குத் தெரியும். நிறுத்தும் பொத்தானை வரைந்தவளே நான்தான்.

இறந்தவர் ஒரு தச்சர். குடலில் அறுவை முடிந்து தேறிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரர் மதியம் வீட்டுக்குப் போனார். சாயங்காலம் தச்சருக்கு மூச்சுத் திணறியது. நர்ஸ் திரையைப் பார்த்தபடியேதான் உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் அழைத்துப் போகலாம் என்று, தச்சரின் மகள் மாற்றுச் சட்டையோடு வெளியே காத்திருந்தாளாம்.

மேஸ்திரியைப் போலீசார் கூட்டிக்கொண்டு போனார்கள். தன் தப்புதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். நிரலில் அவர் எழுதியதுதானே இருந்தது.

நேற்று அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போனார். அந்த அம்மா படியிறங்கியதும் அக்கா என்னிடம் வந்தாள். "அந்த மனுஷன் அப்படிக் கவனமில்லாத ஆளாடி? உனக்கு ஒண்ணும் தெரியாதா?"

எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியதை, அழித்ததை, மணியை. நிதானமாகத்தான் சொன்னேன். ஒரு இடத்திலும் நாக்கு ஒட்டவில்லை.

அக்காவின் கை துணி மடிப்பதை நிறுத்தியது. "அனுப்புறதுக்கு முன்னால, எல்லாம் சரியா இருக்கான்னு அத்தான் உன்னத்தானேடி கேட்டாரு."

"கேட்டாருக்கா. நான் தலையத்தான் ஆட்டினேன். வாயத் தொறந்து ஒரு பொய் சொல்லலியே."

அக்கா என் முகத்தையே பார்த்தாள். மடித்துக்கொண்டிருந்த என் தாவணியை அப்படியே போட்டுவிட்டு வெளியே போனாள்.