அட்டைப் பெட்டிக்குப் பின்னால் முசியே எமீல்

தலைமை தாங்கும் எங்கள் முதலாளி திரு. கிருஷ்ணசாமி அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும், முசியே எமீலின் துணைவியார் மதாம் மரி-க்ளேர் அவர்களே! மெஷினை நிறுத்திவிட்டு வந்திருக்கும் மேட்டுப்பாளையம் பட்டறைத் தோழர்களே! வணக்கம்.

முசியே எமீல் போய்விட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிக்னல் வேலை பார்த்துத் திரும்பி, நம் பட்டறையில் மின்கருவிகளை வடிவமைத்த எமீல்! அவரோடு ஒரே மேசையில் ஒயர் பற்றவைத்த இந்த ஆன்-மரிக்கு மேடைப் பேச்சு வராது. அவரைப் பற்றிப் பேசாமல் இருக்கவும் வராது.

எழுபத்தொன்பதாம் வருஷம், ஆஸ்பத்திரியிலிருந்து, நோயாளிகள் நர்சைக் கூப்பிட ஒரு மணிப் பெட்டி செய்யச் சொன்னார்கள். தண்ணீருக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, அவசரத்துக்கு ஒன்று என மூன்று பொத்தான். வரைபடம் தயார். முசியே என்ன செய்தார்? செருப்புப் பெட்டியை எடுத்து, சோடா மூடிகளைப் பொத்தானாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்! முதலாளிக்கு வந்ததே கோபம்!

“இரும்புல அச்சு வெட்ட ஆளு வந்து நிக்கிறான். நீங்க அட்டை வெட்டிக்கினு இருக்கீங்களா?”

“அட்டைன்னா கிழிச்சிப் போட்டுடலாம் முதலாளி. இரும்பைக் கிழிக்க முடியுமா?”

இதோ, இப்போது முதலாளி சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை!

அந்தப் பெட்டியை வார்டுக்கே கொண்டுபோய், குருசுக்குப்பத்து வீராயி அம்மாவின் கட்டிலில் சணல் கயிற்றால் கட்டினார். அந்த அம்மாவுக்கு வலது கையில் மாவுக்கட்டு. முசியே திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். பொத்தானை அமுக்கினால் மணி அடிக்க வேண்டுமே! அந்த மணி யார்? அவரேதான்!

வீராயி அம்மா பொத்தான்களைப் பார்த்தார், விழித்தார், கட்டியிருந்த கயிற்றை இழுத்தார். “ட்ரிங்!” என்று கத்தினார் முசியே. வார்டே சிரித்தது.

“ஏம்மா, பொத்தான அமுக்கலையா?”

“வலிக்கிற நேரத்துல எதுன்னு தேடறது? கைக்கு ஆப்டத இழுத்துட்டேன்.”

அங்கேயே மூன்று மூடிகளையும் பிய்த்தெறிந்தார் முசியே. கயிறு ஒன்றே போதும் என்றார். இன்று அந்த வார்டில் ஒவ்வொரு கட்டிலிலும் தொங்குவது அந்தக் கயிறுதான். அதை இழுத்து எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்! அவர்களில் யாருக்காவது எமீல் என்ற பெயர் தெரியுமா?

போன வாரம் முசியே மாரடைப்பு வந்து அதே வார்டில் படுத்தார். எக்கிக் கயிற்றை இழுத்தாராம். நர்சு ஓடி வந்திருக்கிறார்.

“சாஞ்சி படுத்தா கயிறு எட்டல தாயி. ஆன்-மரி வந்தா ஒரு சாண் கூட்டச் சொல்லு.”

எனக்கு அவர் விட்டுப்போன கடைசி வார்த்தை அதுதான். நர்சு சொல்லக் கேட்டு அழுதேன். இப்போதும் அழுகை வருகிறது.

அவர் சொல்லிவிட்டார் என்று நேரே இரும்பு அச்சுக்கு அனுப்புவோமா? அனுப்பினால் எழுந்து வந்து திட்டுவார்! முதலில் அட்டைப் பெட்டியில் கயிற்றை ஒரு சாண் கூட்டிக் கட்டி, வார்டுக்குக் கொண்டுபோவோம். படுத்திருப்பவர் இழுத்துப் பார்க்கட்டும். எந்தக் கருவியானாலும் இனி அப்படித்தான். இது உங்கள் முன்னால் நாங்கள் கொடுக்கும் வாக்கு.

திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து “ட்ரிங்” என்று கத்த நான் இருக்கிறேன், முசியே. நீங்கள் நிம்மதியாகப் படுங்கள்.