முத்துவடிவை நடக்க வைத்த படம்

போன வெள்ளிக்கிழமை மாலை, இந்தக் கொட்டகை வாசலில், என் வீட்டுக்காரி முத்துவடிவு மூன்று தடவை விழுந்தாள். பார்த்தவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது. தூக்கிவிட்டவர் ஒரே ஒருவர். இதைச் சொல்லிவிட்டுத்தான் வணக்கம் சொல்வது என்று வந்திருக்கிறேன். வணக்கத்தை முந்திச் சொன்னால் நீங்கள் கைதட்டிவிடுவீர்கள். அந்தக் கைதட்டலில் விழுந்த சத்தம் கேட்காமல் போய்விடும்.

இனி வணக்கம். ஐம்பதாவது நாள் வெற்றி விழாவுக்குத் தலைமை தாங்க ஜவுளிக் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்திருக்கும் பெருந்தகை சேக் தாவூது அண்ணாச்சி அவர்களே, ராயகிரி தந்த ரத்தினம், கொட்டகை அதிபர் செல்லச்சாமி அவர்களே, மணலைக் குவித்து மேடாக்கி அதையே மயிலாசனமாகக் கொண்டு வீற்றிருக்கும் பெரியோர்களே, திரை மறைகிறதென்று பின்னால் இருக்கிறவர்களின் வசவையும் பெற்றுக்கொண்டிருப்பவர்களே, நடுத் தட்டிக்கு அப்பால் பிள்ளையை மடியிலும் கண்ணைத் திரையிலும் வைத்திருக்கும் தாய்மார்களே, சாரலுக்கு வந்து அருவியில் தலை நனைத்து, அந்த ஈரம் காயுமுன் இங்கே வந்துவிட்ட குற்றாலத்து விருந்தாளிகளே, டிக்கெட் வாங்காமல் ஓலைக் கீற்றின் ஓட்டையில் கண் வைத்திருக்கும் சிக்கனச் செம்மல்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் புளி வியாபாரி இசக்கியப்பன். இலத்தூரிலிருந்து தலைச்சுமையாகப் புளி கொண்டுவந்து விற்றவன். இன்றைக்கு மண்டி வைத்திருக்கிறேன். இந்தக் கொட்டகை நிற்கிற இடமும் என்னுடையது. எழுத்துக் கூட்டத் தெரியும், அதற்குமேல் ஏட்டுப் படிப்பு இல்லை. ஆனால் புளி உருண்டைக்குள் கொட்டையும் மண்ணும் வைத்து எடை ஏற்றுகிறவனை விரலை வைத்தே பிடித்துவிடுவேன். அந்த வித்தையும் முத்துவடிவு எனக்குக் கற்றுக்கொடுத்தது.

கற்றுக்கொடுத்த அவள் விரல்கள்தான் நாலு வருஷத்துக்கு முன்னால் முதலில் மரத்துப்போயின. பிறகு ஒரு கண் மங்கியது; ஒரு மாதத்தில் தெளிந்தது. பிறகு கால் தளர்ந்தது, மறுபடி தேறியது, மறுபடி தளர்ந்தது. பேய் என்றார்கள், செய்வினை என்றார்கள், சோம்பல் என்று சொன்னவர்களும் உண்டு. பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் பார்த்தார். அவர் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன்: இந்தக் கொட்டகை எஞ்சினிலிருந்து படமிஷினுக்கு ஒரு கம்பி போகிறதல்லவா, அதன்மேல் நூல் சுற்றியிருக்கிறதல்லவா? உடம்புக்குள் ஓடும் நரம்புக்கும் அப்படி ஒரு உறை உண்டு. அது அங்கங்கே தேய்ந்துபோகிறது. ஒருநாள் சேதி கால் வரைக்கும் போகும். ஒருநாள் பாதியில் நின்றுவிடும். வெயில் ஏறினால் மோசம், குளிர்ந்தால் கொஞ்சம் தேவலை. இதைத் தீர்க்க மருந்து இன்னும் வரவில்லை, வந்ததாகச் சொல்லுகிறவனிடம் போகாதே என்றார். அவரும் பீஸ் வாங்கினார், ஆனால் பொய்யை விற்கவில்லை.

ஆனி பிறந்தது. சாரல் விழுந்தது. கூடவே செல்லச்சாமி இந்தப் படத்தைக் கொண்டுவந்தார்.

கதை உங்களுக்குத் தெரியும். ஒன்றுக்கு நாலு தடவை பார்த்திருக்கிறீர்கள். மாமியாரை எதிர்த்துப் பேசியதால் மருமகளுக்குக் கால் போகிறது. கட்டிலில் கிடக்கிறாள். பதினோரு பாட்டுப் பாடுகிறாள். கடைசியில் அம்மன் வருகிறாள், மின்னல் வெட்டுகிறது, மருமகள் எழுந்து ஆடுகிறாள்.

நான் கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. ஆறு மாசம் கட்டிலில் கிடக்கிறாளே, அவள் தலையில் மல்லிகை வாடவே இல்லையே, அதை வைத்துவிட்டது யார்? கண்மை கலையவே இல்லையே, அதைத் தீட்டியது யார்? பதினோரு பாட்டுக்கு நடுவிலே ஒரு தடவையாவது அவளைக் கைத்தாங்கலாகக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனது யார்? ஒருத்தரும் இல்லை. பாட்டு எழுதினவருக்கு அந்த வேலை நினைவுக்கு வரவில்லை. சினிமாவில் நோய் வந்தால் ஒன்று அவள் பாவியாக இருக்க வேண்டும், இல்லை தெய்வப் பிறவியாக இருக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே புளிக்கு விலை பேசி, செங்கோட்டை வியாபாரியைச் சந்தி சிரிக்க வைக்கிற நோயாளி உண்டா? என் வீட்டில் உண்டு. அவளைப் படம் பிடிக்க யார் வருவார்?

பின்னால் யாரோ 'பாட்டுப் போடுங்கவே' என்கிறார். போடுவார்கள் ஐயா, எஞ்சின் சூடாகட்டும். அது வரைக்கும் நான் சூடாகிக்கொள்கிறேன்.

படம் வந்த ஒன்பதாம் நாள் முத்துவடிவு பார்க்க வந்தாள். உள்ளே போகும்போது இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்கள். படம் முடிந்து தானாக நடந்து வந்தாள். பார்த்தீர்கள், பரவசமானீர்கள். அடுத்த வீட்டுப் பாலம்மாள் அங்கேயே தேங்காய் உடைத்தாள். ஒருவர் திரைக்குக் கற்பூரம் காட்டப் போய், திரை பற்றிக்கொள்ளாமல் இருந்ததுதான் அன்றைக்கு நடந்த ஒரே அற்புதம்.

சாரல் விழுந்ததிலிருந்தே அவள் தேறிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் கிணற்றடி வரைக்கும் நடந்தாள். அன்றைக்கு மணலில் கால் புதைகிறதே என்றுதான் பிடித்துக்கொண்டு போனாள். படம் முடியும்போது ராக்குளிர், கால் இன்னும் தேவலை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறந்தேனா? திறக்கவில்லை. ஏன்? மறுநாள் மண்டியில் கூட்டம். 'அம்மன் கால் கொடுத்தவ கையால ஒரு வீசை புளி' என்று கேட்டு வந்தார்கள். நான் நிறுத்துக் கொடுத்தேன். செல்லச்சாமி மாட்டுவண்டியில் தட்டி கட்டி, மேளம் அடித்து, 'தென்காசி முத்துவடிவை நடக்க வைத்த படம்' என்று ஊர் ஊராக நோட்டீஸ் வீசினார். அவர் செய்தது தப்பென்றால், நான் செய்ததற்கும் வேறு பெயர் இல்லை. புளியில் மண் கலந்தவனைப் பிடித்துக்கொடுத்தவன், அந்தப் பொய்யைக் கலக்கும்போது தராசைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நோட்டீஸ் திருவேங்கடம் வரைக்கும் போயிருக்கிறது. அங்கே ஆவுடைத்தாய் என்று ஒரு அம்மாள். கணவருக்கு ஒரு பக்கம் வாதத்தில் இழுத்துவிட்டது. விதைக்கு வைத்திருந்த பருத்தியை விற்று, வண்டி பிடித்து அவரை இங்கே கொண்டுவந்தாள். மூன்று நாள், ஆறு ஆட்டம். அம்மன் வருகிற கட்டம் வந்தால் அவரைத் தூக்கி நிறுத்துவாள். அவர் சரிந்து விழுவார். மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சல். அப்போதும் மறுநாள் ஏழாவது ஆட்டத்துக்கு டிக்கெட் எடுப்பதாகவே இருந்தாள்.

இந்தச் சேதி முத்துவடிவு காதுக்கு வந்தது. அப்போது சாரல் வெளுத்து நாலு நாளாக வெயில் காய்கிறது. அவளுக்குக் காலும் தளர்ந்திருந்தது.

"கொட்டகைக்கு வண்டி பூட்டச் சொல்லுங்க" என்றாள்.

"கால் வரலையேட்டி."

"அதனாலதான் போகணும். நடக்குத நாள்ல போனா அம்மன் தந்த காலுன்னு சொல்லுவாவ. நடக்க மாட்டாத நாள்ல போனாத்தான் அது என் காலு."

வாசலில் வண்டியைப் பிடித்து இறங்கி, மணலில் உட்கார்ந்தாள். "இந்தப் படத்தால எனக்கு ஒண்ணும் ஆகல, நம்பி வராதீங்க" என்றாள். என்ன சொன்னீர்கள் நீங்கள்?

பாலம்மாள் கேட்டாள்: "ஏட்டி, அன்னைக்கு நடந்தியே, இன்னைக்கு என்ன வந்துச்சு?"

"இன்னைக்கு முடியல மதினி."

"அப்பம் ரெண்டுல ஒண்ணு நடிப்புதானே?"

"உங்க அடுப்பு தினமும் ஒண்ணுபோலயா எரியுது? புகையுத அன்னைக்கு அது நடிக்குதா?"

சிரித்தீர்கள். சிரித்துவிட்டு, 'அம்மனைப் பழிச்சதால கால் போச்சு' என்று ஒருவர், 'எங்கே நட பாப்போம்' என்று ஒருவர். நட என்றால் நடக்கவும் விழு என்றால் விழவும் அவள் என்ன கூத்துக்காரியா? ஆனாலும் எழுந்தாள். உங்களுக்காக அல்ல, டிக்கெட் வரிசையில் நின்ற அந்த ஆவுடைத்தாய் கண்ணில் பட வேண்டும் என்று. எழுந்தாள், விழுந்தாள். எழுந்தாள், விழுந்தாள். மூன்றாம் தடவை விழுந்தபோது வரிசையை விட்டு ஓடி வந்து தூக்கியது ஆவுடைத்தாய். நான் எங்கே இருந்தேன் என்கிறீர்களா? வண்டிக்குப் பக்கத்தில், உங்களைப் போலவே வெட்கப்பட்டுக்கொண்டு நின்றேன்.

"நீங்கதானா அந்த அம்மா?" என்று ஆவுடைத்தாய் கேட்டாள். "அப்பம் எங்க வீட்டுக்காரவுக எந்திரிக்க மாட்டாவளா?"

"படம் பாத்து எந்திரிக்க மாட்டாவ. முதல்ல காய்ச்சலுக்கு மருந்து வாங்குங்க" என்றாள் முத்துவடிவு.

திருவேங்கடத்து வண்டி ஊர் திரும்பிவிட்டது. ஐம்பது நாளில் இந்தக் கொட்டகையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. அது திரைக்கு வெளியே, தரையில் கிடந்தபடி நடந்தது.

படம் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பாருங்கள், பாடுங்கள், அழுது தீருங்கள். மின்னல் வெட்டினால் விசிலும் அடியுங்கள். ஆனால் வெளியே வந்து, உயிருள்ள ஒருத்தியைப் பார்த்து, 'கடைசிக் கட்டம் எப்போ' என்று கேட்காதீர்கள். வாழ்க்கை பதினான்காயிரம் அடி பிலிம் இல்லை ஐயா, முடிவைச் சுற்றிக் காட்டுவதற்கு. ஒருநாள் நடப்பாள். ஒருநாள் நடக்க மாட்டாள். இரண்டு நாளும் அவள் முத்துவடிவு. இதைப் புரிந்துகொள்ள அம்மன் வந்து மின்னல் வெட்ட வேண்டுமா?

நேரம் கொடுத்த தலைவர் அண்ணாச்சிக்கும், கல்லெறியாமல் கேட்ட உங்களுக்கும், மைக்கைப் பிடுங்காத செல்லச்சாமிக்கும் நன்றி. தாய்மார்களுக்குத் தனி வணக்கம். கொட்டகை இடத்துக் குத்தகை இந்த ஆவணியோடு முடிகிறது. புதுச் சீட்டு இன்று காலையில் எழுதினோம். முத்துவடிவு சொல்லச் சொல்ல நான் எழுத, செல்லச்சாமி கையெழுத்துப் போட்டார். அதை வாசித்துவிட்டு உட்காருகிறேன்.

மிச்சமிருக்கிற நோட்டீஸ் அத்தனையும் நாளை காலை மண்டிக்கு வந்துசேர வேண்டும், பொட்டலம் மடிக்க. இந்தப் படம் ஓடுகிற வரைக்கும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் செல்லச்சாமியே வாசலில் நின்று, 'இது படம், வைத்தியம் இல்லை' என்று சொல்ல வேண்டும். பெண்கள் பக்கத்தில், காற்று வருகிற ஓரமாக, சாய்மானம் உள்ள ஒரு பெஞ்சு. மணலில் உட்கார முடியாதவர் யார் வந்தாலும் அது அவருக்கு, டிக்கெட் கிடையாது, காரணமும் கேட்கக் கூடாது. மாச வாடகை பழைய எண்பது ரூபாய்தான், ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குத்தகைக் கெடு, முத்துவடிவு நடந்தாலும் நடக்காவிட்டாலும், ஒரு வருஷம்.