நாற்பத்தேழு ஆடுகளும் நான் எழுதிய பொய்யும்

அவைக்குத் தலைமை தாங்கும் கால்நடை வளர்ப்போர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த பெருமக்களே, கறந்த பாலை இறக்கி வைத்த கையோடு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் தோழர்களே, அனைவருக்கும் இந்தச் செயலாளரின் பணிவான வணக்கம்!

பெருந்தொற்றுக் காலத்தில் உழவருக்கும் கால்நடை வளர்ப்போருக்கும் அரசு நிவாரணம் அள்ளிக் கொடுத்ததாம். அள்ளியது உண்மை. கொடுத்ததும் உண்மை. யார் வயிறு காய்ந்தது, யார் மடி நிறைந்தது என்பதே என் கேள்வி.

மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கும் நம் ஆட்டுக்கார அக்காவைப் பாருங்கள். கூச்சப்படாதீர்கள் அக்கா, இன்று தலைகுனிய வேண்டியவர் நீங்கள் அல்ல. இவருக்குக் கையகல நிலம் கிடையாது; நாற்பத்தேழு ஆடுகள் உண்டு. அறுவடை முடிந்த வயல்களில் இரவில் ஆடுகளை அடைத்துப் பட்டி போடுவார். நிலத்துக்கு உரம், இவருக்குக் கூலி. பெரிய பண்ணைக்காரர் வயலில் பட்டி போட்டிருந்தபோது ஊரடங்கு வந்தது. சாலையை மூடினார்கள், சந்தையை மூடினார்கள். ஆட்டின் வயிற்றை மூட முடியுமா? தீவனத்துக்காகக் காதில் கிடந்ததைக் கழற்றி விற்றார் அக்கா.

அந்த வாரம்தான் ஆட்டுக்கு இவ்வளவு என்று நிவாரணம் தர, தலை எண்ண வந்தார் அதிகாரி. யார் நிலத்தில் ஆடு நின்றதோ, அவர் பெயரை எழுதினார். அக்கா மன்றாடினார். "நான் கூப்பிட்டா வரும், பாருங்க ஐயா" என்று ஒரு குரல் கொடுத்தார். மேய்ந்துகொண்டிருந்த அத்தனையும் தலைநிமிர்ந்து ஓடிவந்து அவரைச் சூழ்ந்து நின்றன. அதிகாரி சொன்னார்: "அதை எழுதப் படிவத்துல இடமில்லம்மா."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கு வயிறு எரிகிறது. நகையை இழந்தவர் இவர், நிவாரணம் பெற்றவர் அவர். அந்தப் பணத்தில் பண்ணைக்காரர் வயலைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுவிட்டார். இனி அக்காவின் ஆடுகள் உள்ளே நுழைய வழியில்லை.

வட்டாட்சியர் அலுவலகத்தில் முறையிடப் போனோம். பண்ணைக்காரர் கொடுத்த தாள் ஒன்றைக் காட்டினார்கள். 'இந்த ஆடுகள் பண்ணைக்குச் சொந்தமானவை' என்று எழுதி, நம் சங்கத்தின் முத்திரையும் குத்தியிருந்தது. எந்தப் பாவி எழுதினான் என்றா கேட்கிறீர்கள், தம்பி? நான்தான் எழுதினேன்.

ஆம், நானேதான். ஊரடங்கில் காவலர்கள் மந்தையைச் சாலைக்கு விரட்டிவிடக் கூடாதே, பண்ணை ஆடு என்றால் தொடமாட்டார்களே என்று நினைத்து, எழுதிப் பண்ணைக்காரர் கையிலேயே கொடுத்து வைத்தேன். புத்திசாலித்தனம் என்று பூரித்தும் போனேன். உண்மையைச் சொன்ன பெண்ணை நம்பவில்லை, ஓடிவந்த ஆடுகளை நம்பவில்லை, நான் எழுதிய பொய்யை மட்டும் பொன்னைப் போலப் பூட்டி வைத்திருக்கிறார்கள்!

நாளை மறுவிசாரணை. காலை பத்து மணிக்கு அங்கே நிற்பேன். பொய்ச்சான்று தந்தவன் நான் என்று எழுதிக் கையெழுத்திடுவேன். வழக்கா? போடட்டும். பதவியா? போகட்டும். விலகல் கடிதத்தைத் தலைவரின் மேசையில் வைத்துவிட்டேன்.

அக்கா ஆடுகளை ஓட்டி வருகிறார். அலுவலக வாசலில் ஒரு குரல் கொடுப்பார். படிவத்தில் இடமில்லாத அந்தச் சாட்சிகளுக்கு வாசலில் தாராளமாக இடமிருக்கிறது. நீங்களும் வாருங்கள், வந்து எண்ணுங்கள். பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், என்னை இன்னும் அண்ணன் என்றே அழைக்கும் அந்த அக்காவுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!