உச்சிமாகாளி வைத்தியம் செய்ய மறுத்தது பற்றி

பெயர் வேதமணி, தகப்பனார் பெயர் சுந்தரராஜ், வயது முப்பத்தெட்டு, புராட்டஸ்டண்டு கிறிஸ்தவன், தொழில் கம்பவுண்டர், இருப்பிடம் சங்கரன்கோவில் – குருவிகுளம் ரோட்டிலுள்ள தெபொராள் நினைவு ஆஸ்பத்திரிக் குடியிருப்பு. 1953-ம் வருடம் மார்ச் மாதம் 21-ந் தேதி சங்கரன்கோவில் போலீஸ் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர் முன்பு ஆஜராகிச் சொல்வதாவது:

நான் மேற்படி ஆஸ்பத்திரியில் பதினொரு வருடமாக வேலை பார்த்து வருகிறேன். பாம்புக்கடிப் பதிவேடு என் பொறுப்பில் உள்ளது. குருவிகுளத்துக்கு மேற்கே குடியிருக்கும் ஆட்டுக்காரர் உச்சிமாகாளியை எனக்குத் தெரியும். அவர் பாம்புக்கடிக்குப் பச்சிலை கொடுப்பவர். இறந்துபோன கோமதித்தாயையும் அவர் புருஷன் இசக்கிப்பாண்டியையும் சம்பவத்தன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

1951-ம் வருடம் சனங்கள் எங்கள் ஆஸ்பத்திரியை விட உச்சிமாகாளியே மேல் என்று பேசிக்கொண்டார்கள். நான் பதிவேட்டைப் பார்த்தேன். மூன்று வருடத்தில் எங்களிடம் வந்த நாற்பத்தொரு பேரில் பதினொரு பேர் இறந்திருந்தார்கள். உச்சிமாகாளி சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருந்தார். அதன்படி தொண்ணூற்றாறு பேரில் நாலு பேர்தான் இறந்திருந்தார்கள்.

அதன் பிறகு ஞாயிறு ஆராதனை முடிந்து சைக்கிளில் ஊர் ஊராகப் போய் விசாரித்தேன். எங்களிடம் இறந்த பதினொரு பேரில் ஏழு பேர் முதலில் உச்சிமாகாளியிடம் இருந்தவர்கள் என்றும், ஈறில் ரத்தம் வந்த பிறகு அங்கிருந்து வண்டியேற்றப்பட்டவர்கள் என்றும் தெரியவந்தது. அந்த ஏழு பேரும் அவர் சுவரில் பிழைத்தவர்களாக இருந்தார்கள். நான் கேட்டதற்கு உச்சிமாகாளி, "என் வாசல்ல இருந்து உசுரோடதான போனாவ" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் பிழைத்தவர்களில் பலரைக் கடித்தது என்ன பாம்பென்று யாரும் பார்க்கவில்லை. விஷமில்லாத பாம்பு கடித்திருந்தாலும் பிழைத்த பிறகு எல்லாரும் நல்லபாம்பு என்றே சொன்னார்கள். செத்தவர்களின் வீட்டார், எங்கும் தாமதிக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்ததாகச் சொன்னார்கள். வண்டிக்காரர்கள் வேறு சொன்னார்கள்.

அதன் பிறகு இதை எங்கள் டாக்டரம்மாவிடம் சொன்னேன். நடந்து முடிந்ததைக் கேட்டு எழுதினால் அவரவர் மனம்போல்தான் வரும் என்றும், இனிமேல் கடிபடுகிறவர்களை வைத்தியத்துக்கு முன்பே எழுத வேண்டும் என்றும் அவர்கள் சொன்னார்கள். உச்சிமாகாளியும் சம்மதித்தார். அதன்படி பதினான்கு மாதம், கடிபட்டவர் எவரானாலும் முதலில் எங்களிடம் வரவைத்து, கடித்த பாம்பு, நேரம், வீக்கம், எடுத்த ரத்தம் கண்ணாடிக் குழாயில் உறைகிறதா என்பவற்றை எழுதிக்கொண்டோம். அதன் பிறகு டாக்டரம்மா விஷமுறிவு ஊசி போட்டுக்கொள்ளும்படி மன்றாடியும் கேளாதவர்கள் உச்சிமாகாளியிடம் போனார்கள்.

சுருட்டை விரியன் கடித்து, விஷம் ஏறியதால் ரத்தம் உறையாமல் வந்தவர்கள் இருபத்தைந்து பேர். ஊசி போட்டுக்கொண்ட பதின்மூன்று பேரில் இரண்டு பேர் இறந்தார்கள். பச்சிலைக்குப் போன பன்னிரண்டு பேரில் ஆறு பேர் இறந்தார்கள். பச்சிலைக்குப் போனவர்கள் பெரும்பாலும் தூரத்து ஊர்க்காரர்கள், கடிபட்டு நேரம் கழித்து வந்தவர்கள். ஆகையால் இந்தக் கணக்கும் முழுக்கச் சரியானதல்ல. சீட்டுக் குலுக்கிப் போட்டு யாருக்கு எது என்று பிரித்தால்தான் நிச்சயமாகத் தெரியும் என்று டாக்டரம்மா சொன்னார்கள். அதைச் சொல்லிவிட்டு, தன்னால் அப்படிச் சீட்டு எடுக்க முடியாது என்றும் சொன்னார்கள்.

அதன் பிறகு சென்ற ஜனவரியில் நான் உச்சிமாகாளி வீட்டுக்குப் போய் பச்சிலைக்குப் போய் இறந்த அந்த ஆறு பேரின் பெயரையும் வாசித்தேன். அதில் ஒருவர் அவருடைய தங்கை மகன். அவர் பெயர்களை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "இனி சுருட்டை கடிச்சி வாரவுகள நான் தொடமாட்டேன். உங்ககிட்டயே அனுப்புதேன்" என்றார். யாரும் அவரை மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை. நான் சொன்னதை நம்பினார்.

இம்மாதம் 16-ந் தேதி பகல் பதினொரு மணிக்குப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த கோமதித்தாயைச் சுருட்டை கடித்திருக்கிறது. இசக்கிப்பாண்டி அவரை உச்சிமாகாளியிடம் தூக்கிப்போய்க் காலில் விழுந்தும், அவர் பச்சிலை வைக்க மறுத்து, தானே வண்டி பூட்டி மூன்றரை மணிக்கு எங்களிடம் கொண்டுவந்தார். அப்போது ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து இல்லை. 11-ந் தேதியே தீர்ந்து, சென்னைக்கு எழுதியும் வந்து சேரவில்லை. தீர்ந்ததை உச்சிமாகாளிக்குச் சொல்லியனுப்ப வேண்டியவன் நான். நான் சொல்லியனுப்பவில்லை. திருநெல்வேலிக்குக் கொண்டுபோகக் கார் தேடிக்கொண்டிருக்கையில் கோமதித்தாய் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். கொப்பளித்த தண்ணீர் சிவப்பாக இருந்தது. கார் வந்தபோது உயிர் இல்லை.

உச்சிமாகாளி என்னிடம், "மருந்து இல்லன்னு ஒரு ஆள் விட்டுச் சொல்லியிருந்தா, நான் பச்சிலையாவது வச்சிருப்பேம்லா, கம்பவுண்டரே" என்றார்.

அவர் பச்சிலை வைத்திருந்தால் கோமதித்தாய் பிழைத்திருப்பாரா என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதற்குச் சொல்வதாவது: அவரிடம் போன பன்னிரண்டு பேரில் ஆறு பேர் பிழைத்தார்கள். அது பச்சிலையாலா, உடலில் ஏறிய விஷம் குறைவாக இருந்ததாலா என்று எனக்குத் தெரியாது. கோமதித்தாய் அந்த ஆறு பேரைப்போல் இருந்திருப்பாரா என்பதைச் சொல்ல என் பதிவேட்டில் இடமில்லை. உச்சிமாகாளி விரோதத்தால் மறுத்தார் என்று இசக்கிப்பாண்டி கொடுத்திருக்கும் பிராது உண்மையல்ல. மறுக்கும்படி செய்தது நான்.

18-ந் தேதி ஊசி மருந்து வந்து சேர்ந்தது. அன்றே உச்சிமாகாளிக்கு ஆள் அனுப்பிச் சொன்னேன். நேற்று 20-ந் தேதி காலை, வேல்சாமி என்பவர் வரப்பில் சுருட்டையிடம் கடிபட்டு அவர் வாசலுக்கு வந்தபோது, பிராதுக்கு உள்ளானவர் என்று கூடியிருந்தவர்கள் ஏசியும், அவர் பச்சிலை பறிக்காமல் வேல்சாமியை வண்டியேற்றி, பக்கத்திலேயே நடந்து எங்களிடம் கொண்டுவந்தார். ரத்தம் உறையவில்லை. ஊசி போடப்பட்டது. இன்று காலை ரத்தம் உறைந்தது. வேல்சாமி கஞ்சி குடித்தார். ஊசியால்தான் பிழைத்தார் என்று இந்த ஒருவரை வைத்து நான் சொல்லமாட்டேன். உச்சிமாகாளி இப்போதும் ஆஸ்பத்திரி வாசலில் வேல்சாமி எழுந்து நடப்பதைப் பார்ப்பதற்காக உட்கார்ந்திருக்கிறார்.

இதில் எழுதியிருப்பவை நான் சொன்னவையே. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டு, ஒரு சொல்லும் மாற்றாமல் சரியென்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) சு. வேதமணி